பதினாறு முடிந்த பிறகு

சாவு விழுந்த வீட்டில் முதல் பதினாறு நாள் என்ன செய்வது என்று நம் ஊர்களில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒருவர் பந்தல்காரருக்குப் போன் போடுவார், இன்னொருவர் ஐஸ் பெட்டிக்கு அலைவார். கோடி எடுத்து வரவேண்டிய பிறந்த வீட்டார் யார், நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய பேரப்பிள்ளைகள் யார், மறுநாள் பால் தெளிக்க யார் யார் போகவேண்டும் என்பதையெல்லாம் பெரியவர்கள் வாய்ப்பேச்சிலேயே நடத்திவிடுவார்கள். அடுப்பு எரியாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து காபி வரும், சம்பந்தி வீட்டிலிருந்து சோறு வரும். முஸ்லிம் வீடுகளிலும் மையத்து வீட்டாரைச் சமைக்க விடாமல் அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு அனுப்புகிறார்கள். கிறிஸ்தவர் வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கிறதென்றால் நாற்காலி போடுவதிலிருந்து டீ கொடுப்பதுவரை சபையாரே பார்த்துக்கொள்கிறார்கள்.

கருமாதி முடிந்து, உருமால் கட்டி, பந்தலைப் பிரித்துக்கொண்டு போன மறுநாள் காலையில் தொடங்கும் காலத்துக்குத்தான் எந்த முறையும் கிடையாது. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்தக் காலத்தைப் பற்றியது. ஆனால் முதல் நாட்களில் காதில் விழுந்த பேச்சு வருடக்கணக்கில் மறப்பதில்லை என்பதால், அங்கிருந்தே தொடங்குவோம்.

துக்கம் கேட்கப் போகும்போது

பல குடும்பங்களில் செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்கப் போவதில்லை. உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் அந்த வீட்டாருக்கு உண்டா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். கிளம்பும்போது "போயிட்டு வரேன்" சொல்லாமல் எழுந்து வருவது எல்லோருக்கும் தெரிந்த மரபு. இது தவிர நடைமுறை பெரிதாக ஒன்றும் இல்லை. சிக்கலெல்லாம் பேச்சில்தான்.

உட்கார்ந்ததும் வாயில் வரும் முதல் கேள்வி "எப்படி ஆச்சு?" என்பது. உங்களுக்கு முன்னால் வந்தவர்களும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். எத்தனை மணிக்கு நெஞ்சு வலித்தது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், டாக்டர் என்ன சொன்னார் என்று அந்த வீட்டு மகள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். வயதாகிப் போனவரின் வீட்டில் இப்படித் திரும்பத் திரும்பச் சொல்வதே சிலருக்கு ஆறுதலாக இருக்கும், அவர்களைத் தடுக்க வேண்டாம். விபத்து, தற்கொலை, குழந்தையின் சாவு நடந்த வீட்டில் இது சித்திரவதை. அங்கே விவரம் வேண்டுமானால் வாசலில் நிற்கும் மச்சானிடமோ பங்காளியிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். நீங்கள் நெருங்கிய உறவினர் என்றால் அந்த வாசல் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். அது பெரிய உதவி.

அடுத்து வருவது தீர்ப்புகள். "இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே" என்ற ஒரு வரி, அந்த மகனைப் பல இரவுகள் தூங்க விடாது. "கல்யாணச் சாவுதான், எல்லாத்தையும் பாத்துட்டுப் போயிட்டார்" என்பதை வெளித் திண்ணையில் ஆண்கள் பேசிக்கொள்ளலாம். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷிக்கு அது கல்யாணச் சாவு இல்லை. "படுக்கையில விழாம போனாரே, கொடுத்து வச்சவர்" என்பதும் அப்படித்தான். அதை அவளே சொன்னால் ஆமாம் என்று தலையாட்டுங்கள், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். கருக்கலைந்தவளிடமும் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவளிடமும் "இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இவர்களை அந்த அறைப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெரிய பெண்களின் பொறுப்பு.

மூத்த மகனிடம் எல்லோரும் சொல்வது: "நீதாம்பா தைரியமா இருக்கணும், அம்மாவைப் பாத்துக்கணும்." அப்பாவைப் பறிகொடுத்தவன் அவனும்தான். கொள்ளிச்சட்டி தூக்கி, மொட்டை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, மொய் நோட்டையும் பார்த்துக்கொண்டு, அழ நேரம் கிடைக்காமலே பதினாறைத் தாண்டிவிடுவான். அவனைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் "கொஞ்ச நேரம் நான் பாத்துக்கறேன், நீ போய்ப் படு மாப்ளே" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

சரி, என்னதான் சொல்வது? இறந்தவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். "மாமா ரேஷன் கடை வரிசைல எனக்கும் சேத்து பையைப் போட்டு இடம் பிடிச்சு வைப்பாரு" என்பது போதும். "நல்ல மனுஷன்" என்பதை எந்த வீட்டிலும் யாரைப் பற்றியும் சொல்லலாம். ரேஷன் கடைப் பையை அவரைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடியும். சுவரொட்டிகளில் இமயம் சரிந்துகொண்டே இருக்கிறது. தெருவுக்கு மாதம் ஓர் இமயம் என்றால் மலைத்தொடரே மிஞ்சாது. சொல்ல ஒன்றும் இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய காலத்துப் பெண்கள் தோளோடு தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தபோது, இறந்தவர் நட்ட மரத்தையும் ஓட்டிய வண்டியையும் பெயர் சொல்லித்தான் அழுதார்கள். அந்தப் பழக்கம் பெரும்பாலும் போய்விட்டது, அதன் இடத்தில் வேறெதுவும் வரவில்லை.

பூ, பொட்டு, வளையல்

இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. கணவன் இறந்த பெண்ணுக்குப் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, பிறகு எல்லார் முன்னாலும் அவற்றைப் பறித்து உடைக்கும் சடங்கு பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. சில குடும்பங்கள் சத்தமில்லாமல் விட்டுவிட்டன. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் கிராமப் பஞ்சாயத்து 2022இல் தீர்மானமே போட்டு இதை நிறுத்தியது. உங்கள் வீட்டில் வேண்டாம் என்று நினைத்தால், சடங்கு நடக்கும் இரவில் சண்டை போட்டுப் பயனில்லை. பெரிய அத்தையும் ஊர்க் கிழவிகளும் தயாராக நிற்கும்போது யார் பேச்சும் எடுபடாது. இரண்டு மூன்று நாள் முன்னதாகவே, சம்பந்தப்பட்ட பெண்ணிடம் தனியாக, "உனக்கு எப்படி வேணும் சொல்லு மதினி" என்று கேளுங்கள். அவள் சடங்கு வேண்டும் என்று சொல்லவும் கூடும், அப்படியானால் அவள் விருப்பம். வேண்டாம் என்றால் அவளுடைய அண்ணன் தம்பியும் மூத்த பிள்ளையும் சேர்ந்து பெரியவர்களிடம் பேசவேண்டும். பிறந்த வீட்டார் சொல்லுக்கு அந்த இடத்தில் எடை அதிகம்.

முஸ்லிம் குடும்பங்களில் கணவனை இழந்தவர் பொதுவாக நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்னும் காத்திருப்பில் இருப்பார். அந்த நாட்களில் வெளியாட்களில் பெண்கள்தான் போய்ப் பார்க்க முடியும். ஆண்கள் கடை, வங்கி, பள்ளிக்கூட வேலைகளைப் பார்த்துக் கொடுக்கலாம்.

காகிதங்கள்

ஆறுதல் சொல்ல வராதவர்களுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் நடந்தால் கிராமத்தில் வி.ஏ.ஓ.விடமும் நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலும் நாம்தான் சொல்லவேண்டும். நாள் தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு மாதத்துக்கு மேல் போனால் மேலதிகாரி அனுமதி என்று வேலை நீண்டுகொண்டே போகும். சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது பெயரின் எழுத்து. ஆதாரில் ஒரு விதமாகவும் பத்திரத்தில் ஒரு விதமாகவும் இருக்கும் பெயர், சான்றிதழில் மூன்றாவது விதமாக விழுந்துவிட்டால், அடுத்து வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், பென்ஷன் என ஒவ்வொரு மேஜையிலும் அது தடுக்கும். பதிவின்போதே ஆதார் நகலைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள். வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் தருவது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

பாஸ்புக்கைப் புரட்டிப் பாருங்கள். மே, ஜூன் வாக்கில் 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருந்தால், முதலாவது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, இரண்டாவது விபத்துக் காப்பீடான சுரக்ஷா. ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வங்கியில் யாரோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் சொல்லாமல் விட்டவர்கள் ஏராளம், குடும்பத்துக்குத் தெரியாமலே அந்தப் பணம் நின்றுபோகிறது. இன்னொன்று: இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையில் காரியச் செலவுக்குப் பணம் எடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது, ஆனால் அது எல்லா வாரிசுகளுக்கும் சேரவேண்டிய பணம். அண்ணன் தம்பிக்குள் பின்னால் வரும் பேச்சுவார்த்தை இல்லாத நிலைக்கு இது ஒரு தொடக்கம். கையிலிருந்து செலவழித்துக் கணக்கு எழுதிவையுங்கள்.

இறந்தவரின் கைப்பேசி எண்ணை உடனே விட்டுவிடாதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் சில மாதம் கிடந்தால் எண் போய்விடும், பிறகு வேறு யாருக்கோ ஒதுக்கப்படும். வாட்ஸ்அப் கணக்கும் சுமார் 120 நாள் தொடாமல் கிடந்தால் நீக்கப்படும். பிள்ளைகளுக்கும் பேத்திக்கும் அவர் அனுப்பிய குரல் பதிவுகள் அவரவர் போனில் இருக்கும். போன் மாற்றும் நாளில் அவையும் போய்விடாதபடி முதலிலேயே ஒரு பென் டிரைவில் எடுத்துவைப்பது, அந்த வீட்டில் விவரம் தெரிந்த ஒரு பையனுக்கு ஒரு மாலை நேர வேலை.

பதினேழாம் நாள்

வெளியூர்க்காரர்கள் ரயில் ஏறிவிடுவார்கள். ஷாமியானா போனதும் வாசலில் வெயில் அடிக்கும். மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை ஆழாக்கு அரிசி போடுவது என்று அந்த வீட்டுப் பெண் கையில் ஆழாக்கை வைத்துக்கொண்டு நிற்பது இந்த நாளில்தான். இதுவரை நாற்பது பேருக்குச் சமைத்த வீடு.

"எதுவா இருந்தாலும் சொல்லுங்க, ஓடி வரேன்" என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். யாரும் கூப்பிடமாட்டார்கள். எதைக் கேட்பது என்றே தெரியாத நிலையில் இருப்பவரிடம் கேட்கச் சொல்வது உதவி ஆகாது. "வியாழக்கிழமை சாயங்காலம் வரேன் அத்தை, மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வரலாம்" என்று நாளும் வேலையும் சொல்லிவிட்டு, அந்த நாளில் போய் நில்லுங்கள். போகமுடியாத தூரத்தில் இருந்தால், இறந்தவர் வழக்கமாகப் போன் செய்த நேரம் எதுவோ அந்த நேரத்தில் போன் செய்யுங்கள். இரவு எட்டரை மணிக்குத் தினமும் மகன் அழைத்த வீட்டில், மகன் போன பிறகு எட்டரை மணியைக் கடப்பது லேசான காரியமில்லை.

போனதும் இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பேச்சை எடுத்தால் அழுவார்களே என்று பயந்து நாம் சினிமாவையும் மழையையும் பேசிக்கொண்டிருப்போம், அவர்களோ இந்த வீட்டில் அவர் பெயரை யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருப்பார்கள். அழுதால் அழட்டும். "அழாதீங்க"வும் வேண்டாம், அழாமல் உட்கார்ந்திருப்பவளிடம் "அழுதுடு, உள்ள வச்சிக்காதே" என்ற கட்டாயமும் வேண்டாம்.

துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்த பேச்சு அது. அவர் பேசியது சாகும் நோயோடு படுத்திருந்த நோயாளிகளிடம், அந்தக் கட்டங்களும் அவர்களைப் பற்றியவை. "இப்ப கோபக் கட்டத்துல இருக்கா" என்று ஒரு மருமகளை அளந்து பார்ப்பதற்கு அதில் இடமில்லை. செத்தவரை மறந்து, அறுத்துக்கொண்டு முன்னால் போவதுதான் ஆரோக்கியம் என்ற மேல்நாட்டுக் கருத்தையும் அங்குள்ள ஆய்வாளர்களே 1996 வாக்கில் மாற்றிக்கொண்டார்கள். உறவு வேறு வடிவத்தில் தொடர்வது இயல்பு என்றார்கள். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, "உங்கப்பாவுக்கு வடை கருகினா பிடிக்காது" என்று இன்னொரு ஈடு போடும் பெண்ணுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால் ஓர் எல்லை உண்டு. அரை வருடம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு, வேலை எதுவும் நிலைக்கு வரவில்லை, வெளியே வரவே இல்லை என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் ஆறு மாதத்தைத்தான் கணக்காக வைத்திருக்கிறது. "நானும் போயிடறேன்" என்ற பேச்சு வந்தால் ஆறு மாதம் பார்க்கவேண்டாம், அன்றைக்கே. 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

சின்னக் குழந்தைகளிடம் "தாத்தா தூங்கறார்", "ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லாதீர்கள். தூங்கப் பயப்படும், இல்லையென்றால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். "செத்துட்டார், அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு, இனிமே வரமாட்டார்" என்பதே நல்லது. அதையே பத்துத் தடவை கேட்கும், பத்துத் தடவையும் சொல்லுங்கள்.

நினைவு மலர்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. 31ஆம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு இறந்தவரைப் பற்றிச் சிறு புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் அதற்குப் பெயர். வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவார திருவாசகம், பிள்ளைகளும் கூடப் படித்தவர்களும் எழுதியவை எல்லாம் அதில் இருக்கும். போரில் ஊரும் வீடும் ஆல்பங்களும் போன பிறகு, பல குடும்பங்களுக்குத் தங்கள் மூதாதையரைப் பற்றி எஞ்சியது அந்தச் சிறு புத்தகங்கள்தான். நூலகம் என்ற இணைய நூலகம் அவற்றைத் தேடி ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் இவ்வளவு செலவழித்து ஃபிளெக்ஸ் வைக்கிறோம், ஒரு மழைக்குத் தாங்குவதில்லை.

நீங்களும் போடலாம். எட்டுப் பக்கம் போதும், ஐம்பது படி போதும், தெருமுனை ஜெராக்ஸ் கடையிலேயே முடிந்துவிடும். முதல் வருடத் திதிக்குக் கொண்டுவரலாம் என்று நாள் குறித்துக்கொண்டால் அவசரம் இருக்காது. எழுதுகிற பொறுப்பை ஒருவர் எடுத்துக்கொண்டு, மற்றவர்களிடம் கேட்டு வாங்கவேண்டும். "அப்பாவைப் பத்தி ஏதாவது எழுதிக் குடு" என்று கேட்டால் "அன்பும் பண்பும் நிறைந்தவர்" என்றுதான் எழுதித் தருவார்கள். கேள்வியைச் சின்னதாக்குங்கள். முதல் சம்பளம் எவ்வளவு, அதில் என்ன வாங்கினார்? யாரைத் திட்டும்போது என்ன வார்த்தை சொல்வார்? கடைசி மகன் ஃபெயில் ஆன அன்று என்ன செய்தார்? சாப்பாட்டில் எதைத் தொடமாட்டார்? எந்தப் பாட்டை எப்போதும் தப்பாகப் பாடுவார்? பெரியவர்களுக்கு எழுத வராது என்றால் போனில் பதிவு செய்து நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மாமியாரைப் பற்றி மகளைவிட மருமகளுக்கு அதிகம் தெரிந்திருக்கும். அவளிடமும் கேளுங்கள், அவள் சொல்வதைத் திருத்தாதீர்கள்.

குறைகளை முழுக்க மறைத்துவிட வேண்டாம். சீட்டுக் கட்டிப் பணத்தை விட்டது, அக்காவோடு பத்து வருடம் பேசாமல் இருந்தது, இவற்றைக் காயப்படுத்தாத அளவுக்கு ஒரு வரி எழுதலாம். பேரப்பிள்ளைகளுக்கு அந்த வரியில்தான் ஆள் தெரிவார். யாராவது ஒருவர் உறுதியாக வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், மலரை விடக் குடும்பம் முக்கியம்.

படங்களைப் பற்றி: படத்திறப்புக்கு அவசரத்தில் ஸ்டூடியோவில் ஆதார் படத்தைப் பெரிதாக்கி, கோட்டு மாட்டி, முகத்தைச் சிவப்பாக்கிக் கொடுத்துவிடுவார்கள். பிறகு காலமெல்லாம் கூடத்தில் அந்த முகம்தான். பதினாறு முடிந்து நிதானமாக ஆல்பங்களை எடுத்து, அவர் சிரித்த படம் ஒன்றைத் தேடி மாற்றிவிடலாம், ஒரு குற்றமும் இல்லை. பழைய படங்களின் பின்பக்கம் பேனாவால் எழுதாதீர்கள், மை ஊறும். மென்மையான பென்சிலால் யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று எழுதுங்கள். லேமினேட் செய்யாதீர்கள். ஆட்களை அடையாளம் சொல்லத் தெரிந்த பெரியம்மா உயிரோடு இருக்கும்போதே அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை இது. இறந்தவர் எழுதிய மளிகைப் பட்டியல், வரவுசெலவு நோட்டு கிடைத்தால் ஒரு பக்கத்தை அப்படியே மலரில் போடுங்கள். கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டார் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நினைவு நாள் வரும்போது ஒரு குழப்பம் வரும். சான்றிதழில் உள்ள தேதி ஒன்று, திதி இன்னொன்று. வருடா வருடம் திதி வேறு தேதியில் விழும். வீட்டில் படையலும் தர்ப்பணமும் திதியில் நடக்கும், வெளிநாட்டில் இருக்கும் மகளோ தேதியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு நாளும் போன் செய்யுங்கள். தீபாவளி, பொங்கல் கொண்டாடாத அந்த முதல் வருடத்தில், பலகாரம் சுடாத வீட்டுக்கு உறவுக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. ஆள் விட்டு அனுப்பாமல் நீங்களே எடுத்துக்கொண்டு போய், அரை மணி உட்கார்ந்து வாருங்கள். கிறிஸ்தவர் என்றால் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் கல்லறையைச் சுத்தம் செய்து வெள்ளையடிக்கப் பிள்ளைகளோடு கூடப் போகலாம்.

கடைசியாக, யாரும் துக்கம் கேட்காத சிலரும் இருப்பார்கள். முப்பது வருடமாகத் தினமும் காலையில் இறந்தவரோடு நடந்த நண்பர், வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மா, அவருக்கென்று சர்க்கரை குறைத்து டீ போட்ட கடைக்காரர். இவர்கள் வாசலில் நின்று மாலை போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், குடும்பத்துப் பட்டியலில் பெயர் இருக்காது. மலர் அச்சானதும் இவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுங்கள். தபாலில் அனுப்பவேண்டாம், நேரில் போங்கள். வீட்டாருக்குத் தெரியாத இரண்டு விஷயமாவது அவர்கள் சொல்வார்கள். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள், இரண்டாம் வருட மலருக்கு ஆகும்.